மிஞ்சிய ஒரு சொல்

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு சொல்லையும் நாங்கள் நாலு பேர் நாலு விதமாகப் புரிந்துகொண்டோம். நாலுமே தப்பு. அதில் என் தப்புதான் பெரியது. நான் நர்ஸ், அதிலும் பொன்மலையில் பிறந்து வளர்ந்தவள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். அம்மா போன பிறகு அங்கேயே பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வரமாட்டார். ஆடி மாதம் ஒரு காலையில் குழாயடியில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. புத்தூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே மூன்று வாரம் வைத்திருந்தோம். அதற்கு மேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு என்றால் என் வீடுதான். ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் பக்கம் ஒரு சந்தில் எங்களுக்கு ஒரு போர்ஷன் இருந்தது.

எனக்குக் காலை ஏழு மணி டியூட்டி. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துப் புத்தூர் போக வேண்டும். என் கணவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சாயந்திர டியூட்டி. நான் இரண்டே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைவேன், அவர் மூன்று மணிக்கு வெளியே போவார். நடுவில் இருந்த அந்தக் கால் மணி நேரம்தான் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் விழித்திருக்கும் நேரம். அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு ஆள் வேண்டும். அதனால் அப்பாவுக்குக் குளியல் இரண்டே முக்கால் மணிக்கு என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தது மட்டுமில்லை, எழுதியும் வைத்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையிலும் நீல மையிலும் கோடு போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி, மாத்திரை, கைகால் பயிற்சி, குளியல் என்று வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இப்போது நினைத்தால் சிரிப்பும் வரவில்லை. வார்டில் பன்னிரண்டாம் நம்பர் கட்டிலுக்கு எழுதியதை அப்படியே எழுதியிருக்கிறேன். எந்தக் கிழவருக்கு வேண்டுமானாலும் அதை ஒட்டலாம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அப்பாவுக்கு அந்தச் சொல் வந்தது. நாக்கு குழறி, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஆனால் தெளிவாக, “சங்கு” என்றார்.

பேச்சு திரும்புகிறது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா, தண்ணி சொல்லுங்க, அம்மா சொல்லுங்க என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி கேட்டேன். “சங்கு” என்றார். என் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அதற்கும் “சங்கு”தான். வேறு எதுவும் வரவில்லை.

அந்த நாட்களில் அவருக்குப் புரையேறிக்கொண்டே இருந்தது. டம்ளரில் கொடுத்தால் மூச்சு முட்டும். அதனால் டியூட்டி முடிந்து வரும் வழியில் சத்திரத்தில் ஒரு பாத்திரக்கடையில் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு ஒன்று வாங்கியிருந்தேன். கடைக்காரர் துணியால் துடைத்துக்கொண்டே, “குழந்தை ஆணா பொண்ணாங்க?” என்றார். இருந்த அசதியில், “ஆண்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆக, அப்பா “சங்கு” என்றதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. பசிக்கிறது, அதைத்தான் கேட்கிறார் என்று கஞ்சியை ஊற்றிக்கொண்டு போய் வாயில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதமாகப் புகட்டினேன். இடது கையால் தட்டிவிட்டார். கஞ்சி சுவர் வரை தெறித்தது.

என் கணவருக்கு அதில் அர்த்தமே படவில்லை. “ரெக்கார்டு கீறல் விழுந்தா ஒரே இடத்துல சுத்துமில்ல, அது மாதிரிதான். நீ போட்டு மண்டையை உடைச்சுக்காத” என்றார். ஆனால் அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் ஒரு வீட்டில் சங்கு சங்கு என்று சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம். “நீ போனதும் ஆரம்பிக்கிறார். ஏழு, ஏழரை வரைக்கும் விடமாட்டேங்கிறார். அப்புறம் சோந்து போயிடுறார்” என்று ஒரு நாள் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அதை எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஒன்றுக்குப் போனதை எழுதினேன், கஞ்சி எத்தனை சங்கு என்று எழுதினேன்.

பக்கத்துப் போர்ஷன் மாமிக்கு வேறு விதமாகப் பட்டது. தினம் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் எட்டிப் பார்ப்பார். அப்பா சங்கு என்று சொல்வதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே கைகூப்பி நின்றுவிட்டார். “உங்கப்பாவுக்குப் பெருமாள் சங்கு சக்ரத்தோட சேவை சாதிச்சிண்டிருக்கார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்யம்?” என்று துளசியைக் கொண்டுவந்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தார். அப்பா கோயிலுக்குப் போனதே வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் அம்மா இழுத்துக்கொண்டு போனதால். மாமியிடம் அதை எப்படிச் சொல்வது? தலையாட்டிக்கொண்டேன்.

நாலாவது ஆள் என் தம்பி. மதுரையில் பாங்கில் வேலை. ஆவணி மாதம் இரண்டு நாள் லீவு போட்டு வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம் அப்பா அவனையே பார்த்து, “சங்கு, சங்கு” என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தம்பி உடைந்து போய்விட்டான். வெளியே வந்து என்னிடம், “அக்கா, உனக்குப் புரியலையா? போயிடணும்னு சொல்றார். எனக்குச் சங்கு ஊதிடுங்கன்னு அவரே வாய்விட்டுக் கேக்கிறார். எதுக்கு இழுத்துப் பிடிச்சு வச்சிருக்க?” என்றான்.

லால்குடிக்கு அந்தப் பக்கம் எங்கள் சித்தப்பா வீடு இருந்தது. அங்கே கொண்டுபோய் ஒரு அறையில் நிம்மதியாகப் படுக்க வைத்துவிடலாம் என்றான். பயிற்சி வேண்டாம், குளியல் வேண்டாம், வாயை நனைக்கப் பால் மட்டும் போதும். ஐப்பசி பிறந்ததும் கார் வைத்து அழைத்துப் போகலாம் என்று நாளும் குறித்துவிட்டான்.

அதற்குச் சரி என்று சொன்னது நான்தான். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அப்போது நின்றால் கால் வலி, உட்கார்ந்தால் தூக்கம். வார்டில் முப்பது பேரைத் துடைத்துத் திருப்பிவிட்டு வந்து, வீட்டில் முப்பத்தோராவது ஆளைத் துடைத்துத் திருப்ப வேண்டும். அவரானால் குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார். இரண்டே முக்கால் மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் தூக்க வந்தாலே உடம்பை விறைத்துக்கொள்வார். ஒரு தரம் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டார். வார்டில் இப்படி முரண்டு பிடிக்கிறவர்களுக்கு நாங்கள் ஒரு வார்த்தை வைத்திருந்தோம்: நாட் கோஆபரேட்டிவ். சார்ட்டில் அதை எழுதிவிட்டால் நம் கடமை முடிந்தது. அப்பாவின் காலண்டர் தாளிலும் அதையே எழுதினேன். சாகக் கேட்கிறவரை எதற்குக் குளிப்பாட்ட வேண்டும் என்று தம்பி சொன்னபோது, அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் எனக்கு வார லீவு. அன்று காலை கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் சந்தெல்லாம் ஒரே சத்தம். ஆறரை மணி தாண்டியதும் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நெற்றியில் நாமம், கையில் துளசி, அக்குளில் குடை. அப்பாவோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் தினம் சேர்ந்து சைக்கிளில் போனவர்கள். அவரும் ரிடையராகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. “பெருமாளைப் பாத்துட்டு அப்படியே உங்கப்பாவையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா” என்றார்.

அப்பா கட்டிலில் பனியனோடு கிடந்தார். மூன்று நாள் தாடி. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். “சங்கு” என்றார். குரலில் ஒரு பதற்றம். “சங்கு, சங்கு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. வந்தவர் என்ன நினைப்பாரோ என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வெகு சாதாரணமாக முழங்கையை மடக்கித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆறே முக்கால்தான் ஆகுது. இன்னும் கால் மணி இருக்கு. நடந்தே போயிடலாம்” என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டார். ஏழு வாரமாக அந்த உடம்பில் இறுகிக் கிடந்தது எல்லாம் அந்த ஒரு மூச்சில் தளர்ந்ததை நான் பார்த்தேன். கையை எடுத்துத் தன் பனியனைப் பிடித்து இழுத்து, அவரைப் பார்த்தார். அவர் என் பக்கம் திரும்பி, “சட்டை எங்கம்மா? குளிச்சாரா? இப்படியே போனா கேட்ல விடுவானா?” என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பொன்மலையில் இருப்பவர்களுக்குச் சங்கு என்றால் ஒர்க்‌ஷாப் சங்குதான். வேலைக்குக் கூப்பிட ஊதும் சைரன். விடியற்காலையில் ஒன்று, அப்புறம் ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று. குவார்ட்டர்ஸில் யாரும் கடிகாரம் பார்க்கமாட்டார்கள். முதல் சங்குக்கு அம்மா அடுப்பு பற்றவைப்பாள், அப்பா குழாயடிக்குப் போவார். அடுத்த சங்குக்குள் குளித்து, முகம் வழித்து, சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருக்க வேண்டும். நின்றபடியே சாப்பிடுவார். ஏழு மணிச் சங்கு ஓய்வதற்குள் கேட்டில் பித்தளை டோக்கனைப் பெட்டியில் போட்டாக வேண்டும். ஓய்ந்துவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நாள்கூட அவருக்கு லேட் ஆனதில்லை. அப்பாவுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை. பெருமை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. ரிடையரான பிறகும் ஏழு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார் என்று அம்மா கேலி செய்வாள். பதினெட்டு வயது வரை அந்தச் சத்தத்தில் எழுந்து, அந்தச் சத்தத்துக்குப் பள்ளிக்கூடம் போனவள் நான்.

பொன்மலைச் சங்கு ஸ்ரீரங்கத்துக்குக் கேட்காது. நடுவில் டவுன் இருக்கிறது, காவிரி இருக்கிறது. அப்பா விடியற்காலையில் விழித்து, குளிக்காமல், சட்டையில்லாமல், சங்கு எப்போது ஊதும், ஊதிவிட்டதா, நேரமாகிறதே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து போயிருக்கிறார். நேரமாகிறது, என்னைக் கிளப்பி விடுங்கள் என்றவருக்கு நான் கஞ்சியைப் புகட்டியிருக்கிறேன். எல்லாம் முடிந்து மத்தியானம் இரண்டே முக்காலுக்கு வந்து இரண்டு பேர் தூக்கினால் அடிக்காமல் என்ன செய்வார்? நானாக இருந்தால் இன்னும் பலமாகக் கடித்திருப்பேன்.

சட்டையைக் கொண்டுவந்தேன். அந்த மனிதர்தான் போட்டுவிட்டார். விழுந்த கையை முதலில் நுழைத்து, அப்புறம் நல்ல கை. இதை நான் வகுப்பில் படித்துப் பரீட்சை எழுதியவள். அவர் எங்கேயும் படிக்கவில்லை. பொத்தானைக் கழுத்து வரை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, ஏழு மணி வரை பக்கத்தில் உட்கார்ந்து யார் யாரோ பழைய ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஏழு ஆனதும், “சரி, சங்கு ஊதியாச்சு. உள்ள போயாச்சு. நான் வரட்டுமா?” என்று எழுந்தார். அன்று அப்பா டம்ளரைத் தன் இடது கையால் பிடித்து, மெதுவாக, ஒரு தடவைகூடப் புரையேறாமல் காப்பி குடித்தார். நான் சமையலறையில் போய் அழுதேன்.

அன்றைக்கே தம்பிக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். அப்பா சாகக் கேட்கவில்லை, வேலைக்குக் கிளம்பத்தான் கேட்கிறார், காரை ரத்து செய்துவிடு என்று. அவன் பதில் போடவில்லை. அடுத்த வாரம் நேரில் வந்து, வாசலில் நின்றபடியே கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தான்.

காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டோம். புதிதாக எழுதவில்லை. குளியல் காலை ஐந்து மணிக்கு என்றானது. அதற்கு நான் நாலு மணிக்கு எழ வேண்டும், அர்த்த ராத்திரியில் டியூட்டி முடிந்து வந்து படுத்த என் கணவரையும் எழுப்ப வேண்டும். இதை நான் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தினமும் எரிச்சலோடுதான் எழுந்தோம். ஆனால் அப்பா அடிக்கவில்லை. தூக்கும்போது இடது காலை ஊன்றிக் கொடுத்தார். சோப்பை அவரே வாங்கி மார்பில் தேய்த்துக்கொண்டார். முகம் வழிக்கக் கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். ஏழு மணிக்கு வீட்டில் என் கணவர் மட்டும்தான் இருப்பார். ஒரு நாள் லீவில் இருந்தபோதுதான் கேட்டேன். காலங்காத்தாலே அந்தப் பேச்சு வேண்டாம் என்று கூச்சப்பட்ட மனிதர், ரேடியோவில் நேரம் சொன்னதும் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய், “மாமா, சங்கு ஊதியாச்சு” என்றார். அப்பா தலையை ஆட்டினார். மாமியின் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மாமி என்ன நினைத்தாரோ.

ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிப் பார்த்தேன். புதிதாக அட்மிட் ஆகிறவர்களிடம், காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்றேன். “இருக்கிற கட்டத்தை நிரப்பவே நேரமில்ல சிஸ்டர்” என்றார் பெரிய சிஸ்டர். அவர் சொன்னதும் பொய்யில்லை. நானாகச் சில நாள் கேட்டேன். வேலை அதிகமான நாட்களில் விட்டுவிட்டேன். விட்ட நாட்கள்தான் அதிகம். வெகு காலம் கழித்து, நான் ரிடையராகும் சமயத்தில், ஒரு பயிற்சி வகுப்பில் நோயாளியை மையமாக வைத்துத் திட்டமிடுவது எப்படி என்று ஒரு சின்னப் பெண் வந்து பாடம் எடுத்தாள். நல்ல பாடம்தான். நைட் டியூட்டி முடிந்து வந்திருந்ததால் பாதியில் தூங்கிவிட்டேன்.

அப்பா அதற்கப்புறம் இரண்டரை வருஷம் இருந்தார். வேறு சொல் எதுவும் வரவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே எல்லாம் கேட்டார். ஓரளவுக்கு எங்களுக்கும் புரியத் தொடங்கியிருந்தது. மாசி மாதம் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நாலு நாளாகக் குளிப்பாட்டவில்லை, ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. தம்பி வந்து கூடவே இருந்தான். ஐந்தாம் நாள் பொழுது விடியும் நேரத்தில் மூச்சு நின்றது.

தம்பிதான் போய்ச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்தான். அரை மணிக்குள் சங்கு ஊதுகிறவர் வந்துவிட்டார். தோளில் துண்டும் சேகண்டியுமாக வாசலில் நின்று, சங்கைத் துடைத்து வாயருகே கொண்டுபோனார். நான் உள்ளேயிருந்து ஓடி வந்தேன்.

“கொஞ்சம் பொறுங்க. அவர் இன்னும் குளிக்கலை” என்றேன்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். “குளிப்பாட்டுறதெல்லாம் எடுக்குறப்பதாம்மா. முதல்ல ஊதணும், அப்பத்தான தெருவுக்குத் தெரியும்” என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். உள்ளே போய் வாளியை எடுத்தான். என் கணவர் வெந்நீர் போட்டார். வழக்கம்போல அவர் தோள் பக்கம், நான் கால் பக்கம். தம்பி முகம் வழித்துவிட்டான். தாடையில் ஒரு இடத்தில் கொஞ்சம் விட்டுப்போயிற்று. சலவைச் சட்டையை எடுத்து, விழுந்த கையை முதலில் நுழைத்து, அப்புறம் நல்ல கையை நுழைத்து, பொத்தானைக் கழுத்து வரை போட்டேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாக இரண்டு நிமிஷம் இருந்தது. வாசலுக்குப் போய், “இப்ப ஊதுங்க” என்றேன்.